கற்பகம் அக்காவின் வெற்றிலைப் பை

மட்டாஞ்சேரியில் எங்கள் சுக்குக் கிடங்குக்குச் சேட்டு முதலாளி என்பதெல்லாம் பேருக்குத்தான். ஆட்சி கற்பகம் அக்காவுடையது. பாலக்காட்டிலிருந்து வாழ வந்தவள். மகள் அம்ருதா கைக்குழந்தையாக இருந்தபோதே புருஷன் போய்விட்டான். இருபது வருஷம் சுக்கு தரம் பிரித்தே மகளைக் கலூரில் நர்ஸிங் படிக்க வைத்தாள். வாயில் எப்போதும் வெற்றிலை. யாராவது செருப்போடு உள்ளே கால் வைத்தால் தெருவுக்கே கேட்கும்.

"ஜனங்க தின்னுற சாமான்டீ சஃபியா. செருப்புக் காலோட மிதிப்பியா?" என்று ஒருநாள் என்னையே பிடித்துக்கொண்டாள்.

சுகாதாரத்துறை ஆட்கள் சொன்னார்கள் என்று சேட்டு ஒருமுறை ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்தார். அக்கா அதை வாசல் தாண்ட விடவில்லை. கால் வேர்க்கிறதென்று நாங்களும் சந்தோஷமாகத் தலையாட்டினோம். இப்போது நினைத்தால் அவள் மேலும் ஆத்திரம் வருகிறது, எங்கள் மேலும்.

இந்த ஜூன் மழையில் கிடங்குக்குள் முழங்கால் அளவு தண்ணீர். எலிகள் நீந்திய தண்ணீர். வெடித்த குதிகாலோடு அக்கா இரண்டு நாள் அதில் நின்று மூட்டைகளை மேலே ஏற்றினாள். சேட்டு ஃபோனில் விசாரித்தார், மூட்டைகளைப் பற்றி மட்டும்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். கெண்டைக்காலில் வலி. மூட்டை தூக்கிய வலிதான் என்று தைலம் தேய்த்துக்கொண்டு திங்களன்று வேலைக்கு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. செவ்வாய்க்கிழமை இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை எடுத்து என் மடியில் போட்டாள்.

"வாயெல்லாம் கசக்குது. வெத்திலையக் கண்டாலே ஓக்கானம் வருது. நீயே வெச்சுக்கோ."

புதன்கிழமை காலை பின்சுவரோரம் குனிந்து இருமிக்கொண்டிருந்தாள். தரையில் சிவப்பாகத் துப்பியிருந்தாள்.

"எங்களை மட்டும் திட்டுவீங்க. நீங்களே இங்க துப்பலாமா அக்கா?" என்று கேலி செய்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்போது நான் மென்றுகொண்டிருந்தது அவளுடைய வெற்றிலையைத்தான்.

வியாழக்கிழமை மதியம் சுக்குக் குவியல் மேலேயே வாய் நிறைய ரத்தம் கக்கினாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கால் வெடிப்பு வழியாக ஏறிய எலிக்காய்ச்சல் முற்றி நுரையீரலுக்குள் ரத்தம் கசிந்து நிரம்பிவிட்டது என்றார்கள். என்னை அக்கா முறை வைத்து 'இத்தா' என்று கூப்பிடுகிற அம்ருதா ஓடி வந்தாள்.

"இத்தா, துப்பல்ல ரத்தம் எப்போ முதல்?"

"இன்னைக்குத்தான் மோளே."

சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை அக்கா போய்விட்டாள். வீட்டில் கிடத்தியிருந்தபோது என் இடுப்பில் அந்தப் பை உறுத்தியது. செவ்வாய்க்குப் பிறகு அவள் வெற்றிலையே போடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கழுவி விட்டது ரத்தத்தை. ஒரு நாள் முன்னால் கொண்டுபோயிருக்கலாம்.

சேட்டு எல்லோருக்கும் பூட்ஸ் கொடுத்துவிட்டார். போடாதவர்களுக்கு வேலை இல்லையாம். இப்போது சட்டம் பேச வந்துவிட்டார்.

காரியம் முடிந்து அம்ருதா வந்தாள்.

"அம்மாவோட வெத்திலைப் பையக் காணல. உங்க கிட்ட இருக்கா இத்தா?"

எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாள்.

"இத அம்மா எப்போ தந்தா?"

நர்ஸிங் படிக்கிறவள். செவ்வாய் என்று சொன்னால் புதன்கிழமையைப் பற்றியும் கேட்பாள்.

"வியாழக்கிழமை. ஆட்டோவுல போறப்ப" என்றேன்.

"நீங்களாவது அன்னைக்கு உடனே கொண்டு போனீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.