உண்ணி பார்க்கிறவள்

எங்கள் வீட்டில் யாரும் கறுப்புச் சட்டை போடக்கூடாது. உண்ணி ஏறினால் தெரியாதாம். உத்தரவு போட்டவள் என் மனைவி சௌந்தரம்.

போன மழைக்காலத்தில் மகன் இளவரசுவுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து, கடலூர் பெரியாஸ்பத்திரியில் செத்துப் பிழைத்தான். அவன் காதுக்குப் பின்னால், பீடியால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இன்ன காய்ச்சல் என்றே தெரிந்தது. அன்று பிடித்த பயம் இவளை விடவில்லை.

பரங்கிப்பேட்டைப் பக்கம் நான் ஆடு மேய்க்கிறேன், இவள் வரப்போரம் புல் அறுக்கிறாள். சாயங்காலம் திரும்பியதும் என்னைத் தோட்டத்தில் நிறுத்திச் சட்டையை உருவுவாள். அக்குள், இடுப்பு, தலைமுடி எல்லாம் துழாவுவாள். கைலியை உதறச் சொல்வாள், துண்டை வெந்நீரில் போடுவாள். எனக்கோ பசியில் பிராணன் போகும். ஆட்டைப் பிடித்துப் பார்ப்பது போலப் பார்க்கிறாயே என்று கத்துவேன். சந்தைக்குப் போனாலும் நீ விலை போகமாட்டாய், சும்மா நில் என்பாள்.

இந்த வருஷம் காய்ச்சல் அவளுக்கே வந்தது. மாத்திரை போட்டால் விடும், மறுபடி ஏறும். தலைவலியில் சுருண்டு கிடந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆடு ஓட்டிப் போனவன் பாதி வழியில் திரும்பி, அவளைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். உடம்பில் பொருக்கு ஏதும் உண்டா என்று நர்ஸ் ஜான்சி கேட்டார். தினமும் குளிக்கும்போது பார்க்கிறேன், ஒன்றுமில்லை என்று இவள் சாதித்தாள். ரத்தம் எடுத்துக்கொண்டு நாளைக்கு வரச் சொன்னார்கள்.

நாளை வரைக்கும் யார் பொறுப்பது? வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தி, அவளைத் திருப்பி உட்கார வைத்தேன். கூச்சத்தில் திட்டினாள். கழுத்தில் இல்லை, அக்குளில் இல்லை. பாவாடை நாடாவைத் தளர்த்தினேன். இடுப்பைச் சுற்றிக் கறுத்த தடம்.

"அது நாடாத் தழும்புய்யா. பாவாட கட்ற பொம்பளைக்கெல்லாம் இருக்கும்."

நானும் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற தழும்புதான். விடப் போனேன், விரலில் ஏதோ தட்டியது. முதுகுப் பக்கம், அவள் கண் எட்டாத இடத்தில், அந்தக் கறுப்போடு கறுப்பாக ஒரு பொருக்கு. ஓரம் சிவந்திருந்தது.

வண்டியில் ஏற்றி, என் துண்டால் அவளை என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கே திரும்ப ஓட்டினேன். பொருக்கைப் பார்த்ததும் டாக்டர் அப்போதே மருந்தை மாற்றினார். இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கியது.

அவள் எழுந்து நடமாடிய அன்று சாயங்காலம், பழையபடி என் சட்டையை உருவ வந்தாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"தெனமும் என்ன நிக்க வச்சியே, ஒரு நாளாவது எனக்கும் பாருய்யான்னு கேட்டியாடி?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீதான் பசியோட நிப்பியே."

சோறு ஆறினால் ஆறட்டும் என்று முதலில் அவளைத் திருப்பி நிறுத்தினேன்.