குறை கேட்பவர் கடற்கரைக்குப் போன கதை

கடையில் அவருக்குப் பெயர் 'பாத்துடலாம்'. முகத்துக்கு நேராக 'சார்' என்பார்கள். தலை மறைந்ததும் "பாத்துடலாம் டீ குடிக்கப் போயிருக்கார்" என்பார்கள். வீட்டு உபயோகச் சாமான்கள் விற்கும் மாடிக் கடை அது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெளிச்சம், சிரித்த முகங்கள். வாங்கிய சாமான் மக்கர் செய்தால் மட்டும் பின்பக்கம் போக வேண்டும். கிடங்குக்கு இறங்கும் படிக்கட்டுக்குப் பக்கத்தில், அட்டைப்பெட்டிகள் அடுக்கிய இருட்டு மூலையில் ஒரு மேஜை. அதுதான் புகார்ப் பிரிவு. அதற்கு நம்மவரே அதிகாரி, நம்மவரே சிப்பந்தி.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் தொழிலில் கெட்டிக்காரர். எதையும் சரிசெய்யத் தெரியாது. ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஆனால் புலியாகப் பாய்ந்து வருகிறவரைப் பூனையாக்கி அனுப்பத் தெரியும். வந்தவர் உட்கார மெத்தை வைத்த நாற்காலி போட்டிருப்பார். உட்கார்ந்ததும் ஆள் உள்ளே அமுங்கிவிடுவார். அமுங்கிய மனிதருக்குச் சண்டை போட வராது. அடுத்து, டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர். அதைக் கையில் வாங்கிக்கொண்டு எவராலும் கையை ஆட்டிக் கத்த முடியாது. அப்புறம் வந்தவர் சொன்னதையே இவர் திருப்பிச் சொல்வார், அவரைவிட ஒரு பங்கு கூடுதலான கோபத்தோடு.

"என்னது, வாங்கின வாரமே ஐஸ் பிடிக்கலையா? அநியாயம் சார்! உங்க எடத்துல நான் இருந்தா கடையையே ரெண்டு பண்ணியிருப்பேன்!"

கடைசியில் ஒரு 'பாத்துடலாம்'. வந்தவர் மனம் குளிர்ந்து படியிறங்குவார். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் குளிர்ந்ததா என்பது வேறு விஷயம், அதை யாரும் நம்மவரிடம் கேட்டதில்லை.

இப்படி நாள் முழுக்க ஊரார் குறையைக் கேட்டுக் கேட்டு அது அவருக்கு ஒரு போதையாகவே ஆகிப்போனது. யாராவது முகத்தைச் சுளித்துக்கொண்டு எதிரே வந்தால்தான் காலையில் உடம்பில் சுறுசுறுப்பு ஏறும். லீவு நாளில் கை நடுங்காத குறை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "என்ன, உங்களுக்குத் தண்ணி ஒழுங்கா வருதா?" என்று விசாரிப்பார். வருகிறது என்றால் முகம் வாடிவிடும்.

அவர் மனைவி மழலையர் பள்ளி டீச்சர். டீச்சரம்மாவைப் பொழுது விடிந்தால் ஒரு வகுப்பு நிறைய வாண்டுகள் கூப்பிட ஆரம்பிக்கும். "மிஸ், இவன் கிள்றான்!" "மிஸ், என் பென்சிலைத் தின்னுட்டான்!" "மிஸ், அவசரம்!" வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இவர் ஆரம்பிப்பார். "ஏம்மா, என் கண்ணாடியைப் பாத்தியா?" கண்ணாடி நெற்றிமேல் இருக்கும். "ஏம்மா, ஃபேன்ல ஒரு சத்தம் வருதே, கேக்குதா?" டீச்சரம்மாவுக்கும் குறைகள் உண்டு, இல்லாமலா? சமையலறை அலமாரிக் கதவு கழன்று தொங்குகிறது என்று ஒருநாள் சொன்னார். "என்னது, கதவு தொங்குதா? அநியாயம்!" என்று நம்மவர் பொங்கினார். பொங்கி முடித்து, "பாத்துடலாம்" என்றார். கதவு இன்னும் தொங்குகிறது. அதற்கப்புறம் டீச்சரம்மா அவரிடம் எதையும் சொல்வதை விட்டுவிட்டார். தன் மனைவிக்குக் குறையே கிடையாது என்று நம்மவர் கடையில் பெருமையடித்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட டீச்சரம்மா, பள்ளி விடுமுறை விட்ட அன்று ஒரு காரியம் செய்தார். யாரையும் கேட்காமல் ஒரு கடற்கரை விடுதியில் அறை போட்டுவிட்டு வந்து நின்றார்.

"அஞ்சு நாள். கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும், எனக்கு வேற எதுவும் வேணாம். யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. நீங்களும்தான். வர்றதா இருந்தா வாங்க. ஆனா கெடுத்துடாதீங்க."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அழுதுவிடுவாரோ என்று நம்மவருக்கே ஒரு நிமிடம் பயம் வந்துவிட்டது. "என்னது, நான் கெடுப்பேனா?" என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

சின்ன விடுதி. வாசலில் இறங்கினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். முதல் நாள் காலையில் டீச்சரம்மா ஒரு பாயை விரித்துக் குடையின் கீழ் உட்கார்ந்தார். நம்மவரும் ஷூ கால்களோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல."

"இதேதானா?"

"இதேதான்."

ஒரு அலை வந்தது. எதற்காக வந்தது என்று சொல்லாமலே திரும்பிப் போனது. நம்மவர் வாழ்க்கையில் இப்படி வந்தவர் யாரும் விஷயத்தைச் சொல்லாமல் போனதில்லை. இன்னொன்று வந்தது. அதுவும் வாயைத் திறக்கவில்லை. பத்தாவது அலைக்குள் நம்மவருக்குக் கால் அரித்தது, முதுகு அரித்தது, நாக்கு அதைவிட அரித்தது.

"இதுல அப்படி என்னதான் இருக்கு?"

டீச்சரம்மா கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நாள் பூரா சத்தத்துலதான் இருக்கேன். இதுவும் சத்தம்தான். ஆனா இது என்னைக் கூப்பிடல."

நம்மவருக்கு ஒன்றும் புரியவில்லை. கூப்பிடாத சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பானேன்? கடற்கரை ஏன் பிடிக்கும், ஏன் பிடிக்காது என்பதற்குப் பலரும் பல காரணம் சொல்வார்கள். வெயில் என்பார்கள், உப்புக்காற்று என்பார்கள். என்னைக் கேட்டால் விஷயம் இவ்வளவுதான்: ஓயாமல் கூப்பிடப்படுகிறவர்களுக்கு அது சொர்க்கம், யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருப்பவர்களுக்கு அது தண்டனை. நம்மவர் தண்டனையை மதியம்வரை அனுபவித்தார். அதற்கு மேல் தாங்கவில்லை. "சும்மா ஒரு நடை போயிட்டு வர்றேன்" என்று எழுந்தார்.

கொஞ்சம் தள்ளி, குடும்பத்தோடு வந்திருந்த ஒரு லாரிக்காரர் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு, வயிற்றை வானத்துக்குக் காட்டிப் படுத்திருந்தார்.

"எப்படி இருக்கு சார்?"

"சொர்க்கம் சார்."

அந்த வார்த்தை நம்மவருக்குச் சுருக்கென்று தைத்தது. "ரூமு?"

"நல்லாருக்கு."

"கட்டிலு?"

"என்னமோ, படுத்தா தூங்கிடறேன்."

"முதுகு வலிக்கலையா?"

லாரிக்காரர் தொப்பியை எடுத்தார். யோசித்தார். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். "இப்ப நீங்க சொன்னதும்... லேசா..."

அந்த 'லேசா' போதும். நம்மவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "என்னது, முதுகு வலியா? காசு குடுத்து வந்த எடத்துலயா? அநியாயம் சார்!"

அடுத்து ஒரு புதுமணத் தம்பதி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடல் பக்கத்தில் இருப்பதையே அவர்கள் கவனித்த மாதிரி தெரியவில்லை. "கடல் தெரியற ரூம்னு சொல்லித்தானே உங்களுக்குக் குடுத்தாங்க? உங்க ஜன்னல் சமையல்கட்டைப் பாத்துல்ல இருக்கு?" என்று நம்மவர் அக்கறையாக விசாரித்தார். பாவம், அவர்கள் அதுவரை ஜன்னலைத் திறக்கவே இல்லை. சாயங்காலத்துக்குள், அந்த அறையை எடுத்தது யார் என்று இருவருக்கும் வாழ்க்கையின் முதல் சண்டை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் விடுதியே கலகலத்துப்போனது. சாப்பாட்டு அறை வாசலில் நம்மவர் ஒரு மேஜையைப் பிடித்துவிட்டார். டம்ளர்களில் தண்ணீர் தளும்பியது. லாரிக்காரருக்குப் புது மெத்தை வேண்டும். அவர் பிள்ளைகள் அதுவரை மணலில் புரண்டு கிடந்ததுகள், இப்போது செருப்புக்குள் மணல் வருகிறது என்று வரிசையில் நின்றன. புதுப்பெண் தனி அறை கேட்டாள். "என்னது!" "அநியாயம்!" "பாத்துடலாம்!" என்று நம்மவர் குரல் அலைச் சத்தத்தை அமுக்கிக்கொண்டு கேட்டது. கன்னம் சிவந்து, பத்து வயது குறைந்தவராகப் பாய்க்கு ஓடி வந்தார்.

"ஏம்மா, இப்பதான் இந்த எடமே களை கட்டியிருக்கு! இவ்வளவு நல்லா இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல!"

 டீச்சரம்மா நிமிர்ந்து பார்ப்பதற்குள் நம்மவருக்குப் பின்னாலேயே லாரிக்காரர் மனைவி வந்து நின்றாள். "மேடம், சார்கிட்ட எங்க மெத்தை விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க மேடம்." டீச்சரம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார். அங்கே புது மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். "மேடம், நீங்களாவது அவகிட்ட பேசுங்க மேடம்." இன்னும் தள்ளிப் போனார். பிள்ளைகள் துரத்திக்கொண்டு வந்தன. "ஆன்ட்டி, இவன் என் செருப்பைத் தண்ணில போட்டுட்டான் ஆன்ட்டி!" அத்தனை பெரிய கடற்கரையில் டீச்சரம்மாவுக்கு உட்கார ஒரு இடம் இல்லை.

சாயங்காலம் விடுதிக்காரர் வந்தார். அரைக்கால் சட்டை போட்ட, அதிகம் பேசாத மனிதர். தளும்பும் டம்ளரை நம்மவர் நீட்டியபோது வாங்கவில்லை.

"சார், நீங்க வர்ற வரைக்கும் இங்க எல்லாரும் சந்தோஷமாத்தான் இருந்தாங்க. மிச்ச நாளுக்குக் காசைத் திருப்பித் தந்துடறேன். தயவுசெஞ்சு கெளம்பிடுங்க."

"என்னது, கெளம்பணுமா? அநியாயம்!" என்றார் நம்மவர். வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் அவருக்கு ஏக குஷி. மேஜை, படிக்கட்டு மூலை, சுளித்த முகங்கள் எல்லாம் கண் முன்னால் வந்தன. ஓடிப்போய் இரண்டு பைகளையும் கட்டிக்கொண்டு மணலில் இறங்கினார்.

"வா, வா, கெளம்பச் சொல்லிட்டாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல பஸ் இருக்காம்."

டீச்சரம்மா எழுந்து நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. பின்னாலேயே எல்லாரோடும் வந்து நின்ற விடுதிக்காரரைப் பார்த்து, "உங்களுக்கு என்மேல ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டார்.

"உங்க மேலயாம்மா? நீங்க இருக்கறதே தெரியலையே."

"அப்ப நான் இருக்கேன். இவர் போவார்."

சொல்லிவிட்டுக் கணவர் கையிலிருந்த தன் பையை வாங்கிக்கொண்டார். நம்மவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் பழகிய வாய் சும்மா இருக்குமா? "என்னது, நீ மட்டும் தனியா..."

"திருப்பிச் சொல்லாதீங்க!" என்றார் டீச்சரம்மா. வகுப்பில்கூட அவர் இப்படிச் சத்தம் போட்டதில்லை. லாரிக்காரர் பிள்ளைகள் கைகட்டி வாய்பொத்தி நின்றன. "உங்களை மாத்திக் குடுங்கன்னு நான் யார்கிட்டயும் கேக்கல. ரிப்பேர் பண்ணித் தாங்கன்னும் கேக்கல, அதுக்கெல்லாம் காலம் போயாச்சு. ரெண்டு நாள் ஆஃப் பண்ணி வெச்சா போதும். அதைக்கூட உங்களால செய்ய முடியலன்னா நான் எங்கதான் போறது?"

யாரும் சிரிக்கவில்லை. லாரிக்காரர் மட்டும் முதுகைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருடத் தொழிலில் முதல்முறையாக நம்மவருக்கு 'பாத்துடலாம்' என்று சொல்ல வாய் வரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், சீட்டில் ஆணி குத்துகிறது என்று அவரிடம் முறையிட்டார். நம்மவர் கேட்காதவர்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் அவர் கடைக்குப் போகவில்லை. லீவு பாக்கி இருந்தது, போக மனமும் இல்லை. வீட்டில் அறைக்கு அறை நடந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, மனைவி பக்கத்தில் இல்லாதது தாங்க முடியவில்லை. சாயங்காலம் ஃபோன் போட்டார்.

"என்ன பண்ற?"

"உக்காந்திருக்கேன்."

"போரடிக்கலையா?"

"இல்ல."

"எல்லாரும் எப்படி..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் டீச்சரம்மா காத்திருந்தார். ஃபோனில் அலைச் சத்தம் வந்து வந்து போனது.

"நான் வேணா அங்க வரட்டுமா?"

 "வேணாம்" என்றார் டீச்சரம்மா.  சரி, வைத்துவிடலாம் என்று நம்மவர் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கப் போனார்.

"வெச்சுடாதீங்க. அப்படியே இருங்க, பேசாம."

நம்மவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காதில் அலை வந்தது, போனது, மறுபடி வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அவருக்கு அப்போதும் போர்தான் அடித்தது. ஆனாலும் அவர் ஃபோனை வைக்கவில்லை.