வீரணன் சொன்ன ஒரே பொய்

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் டிராக்டர் மெக்கானிக் வீரணனிடம் வண்டியை விடுகிறவர்கள், வண்டியோடு கொஞ்சம் மானத்தையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வேலை சுத்தம், வாய்தான் அப்படி. ஆயில் மாற்றாமல் எஞ்சினைக் கெடுத்துக்கொண்டு வரும் தோட்டக்காரரிடம், "பெத்த பிள்ளைக்குச் சோறு போடாமலா அண்ணாச்சி வேலைக்கு அனுப்புவீக?" என்று நாலு பேர் முன்னால் கேட்பான். கிளட்சைத் தேய்த்துவிட்டு வண்டியைக் குறை சொல்லும் டிரைவர்களுக்கென்றே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியைத் தயாராக வைத்திருப்பான். கோபித்துக்கொண்டு போனவர்களெல்லாம் ஆறு மாதத்தில் திரும்பி வந்தார்கள். ஏனென்றால் ஒரு வண்டியைப் பார்த்து இதுதான் கோளாறு என்று வீரணன் சொல்லிவிட்டால் அதுதான். மறுபேச்சு கிடையாது.

ஐம்பத்திரண்டு வயதுவரை இப்படியே ஓட்டிவிட்டவன், போன ஆனியில் ஒரு பொய் சொன்னான். அதுவும் யாரிடம்? வன்னியம்பட்டி தேவஇரக்கத்திடம்.

வீரணன் தனியாகக் கடை போட்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்த முதல் வாரத்தில், முதல் வண்டியாக வந்து நின்றது தேவஇரக்கத்தின் குட்டி டிராக்டர்தான். பெரிய டிராக்டர் நுழைய முடியாத தோப்புகளில் மரத்துக்கு மரம் ஊடே புகுந்து உழுகிற வண்டி. அவருக்கு அதுதான் பிழைப்பு. வன்னியம்பட்டியிலிருந்து பிளவக்கல் வரைக்கும் மாந்தோப்பு, தென்னந்தோப்புக்காரர்கள் அவருக்காகக் காத்துக் கிடப்பார்கள். மரத்துப் பட்டையில் ஒரு கீறல் விழாது. அவர் ஓட்டின உழவுச் சாலில் நூல் பிடித்துப் பார்க்கலாம். மனுஷர் அதிகம் பேசமாட்டார். அந்த நேர்க்கோடுதான் அவருடைய பெருமை.

ஆனி மாதம் வண்டியோடு வந்தார். "ஏலே வீரணா, ஸ்டியரிங் ரொம்ப ஆடுது. நான் ஒரு பக்கம் போறேன், அது ஒரு பக்கம் போகுது."

வீரணன் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினான். கடகடவென்றது. ஸ்டியரிங்கைக் கால் சுற்றுத் திருப்பியும் சக்கரம் அசையவில்லை. "இத வச்சா அண்ணாச்சி இம்புட்டு நாளா ஓட்டுனீக? தற்கொலைக்குச் சமானம்லா," என்று ஏசினான். ஸ்டியரிங் கம்பிகளின் முனையிலிருக்கும் பால் ஜாயிண்ட் நாலும் தேய்ந்திருந்தன. சக்கரம் திரும்புகிற அச்சில் பித்தளைப் புஷ் தேய்ந்து காகிதமாகிவிட்டது. அவசரக்காரனாக இருந்தால் ஸ்டியரிங் பெட்டியின் தலையிலிருக்கும் ஸ்க்ரூவை ஒரு சுற்று இறுக்கிக் கொடுத்திருப்பான். நேராகப் போகும்போது ஆட்டம் நின்ற மாதிரி இருக்கும். திருப்பத்தில் இறுக்கிப் பிடித்து ஆளைக் கவிழ்க்கும். வீரணன் லேத்துப் பட்டறைக்குப் போய்க் கூடவே நின்று புது புஷ் கடைந்து வாங்கினான். பால் ஜாயிண்டை மதுரையிலிருந்து வரவழைத்தான். நாலு நாள் ஆனது. ஓட்டிப் பார்த்தபோது விரல் அசைந்த அளவுக்கு வண்டி திரும்பியது. அவனுக்கே மனம் குளிர்ந்துவிட்டது.

எட்டாம் நாள் தேவஇரக்கம் திரும்ப வந்தார். "இன்னும் ஆடுதுலே."

வேறு யாராவது சொல்லியிருந்தால் பழமொழி பறந்திருக்கும். தேவஇரக்கம் என்பதால் வீரணன் மறுபடி எல்லாவற்றையும் கழற்றினான். ஒன்றுமில்லை. பூட்டிக் கொடுத்தான். மூன்றாம் முறையும் வந்தார். இந்த முறை வண்டியின் முன்பக்கத்தில் மாமரப் பட்டை ஒட்டியிருந்தது. அவர் அதைத் துடைக்காமலே கொண்டுவந்திருந்தார்.

"வாங்க, தோப்புலயே வச்சுப் பாப்பம்," என்று வீரணன் அவரோடு வன்னியம்பட்டிக்குப் போனான். முதலில் அவனே ஒரு சால் ஓட்டினான். அம்பு மாதிரி போனது. இறங்கி அவரை ஏறச் சொன்னான். பக்கவாட்டில் நடந்தபடி சக்கரத்தைப் பார்த்தான், அச்சைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான். அப்புறம்தான் அண்ணாந்து ஸ்டியரிங் வளையத்தைப் பார்த்தான்.

வளையத்தின் மேல் அவருடைய வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் தன்பாட்டுக்கு எதையோ எண்ணுகிற மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் அதை அழுத்திப் பிடிக்க, வண்டி வெடுக்கென்று ஒருபக்கம் இழுத்தது. புழுதியில் சால் கோணல் மாணலாக விழுந்தது.

வீரணனின் சித்தப்பாவுக்கு நடுக்குவாதம் இப்படித்தான் கட்டைவிரலில் ஆரம்பித்தது. நாலு வருஷத்தில் அவருக்குச் சோறு ஊட்ட வேண்டியதாயிற்று.

தேவஇரக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, "பாத்தியாலே? நான் பொய்யா சொல்லுதேன்?" என்றார். அந்த முகத்தில் இருந்த நம்பிக்கையை வீரணனால் பார்க்க முடியவில்லை. உங்கள் கைதான் என்று சொல்ல வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"ஸ்டியரிங் பெட்டியே போயிருச்சு அண்ணாச்சி. உள்ள பல்லு தேஞ்சிருச்சு. இதுக்குப் பார்ட்ஸே வாரதில்ல. இனி யாரு தொட்டாலும் தேறாது. பேசாம நிப்பாட்டிருங்க."

தேவஇரக்கம் வண்டியின் பானெட்டைச் செத்த நேரம் தடவிக்கொண்டு நின்றார். "நீ சொன்னா சரிதாம்லே," என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது, நல்ல வண்டியைக் கொன்றுவிட்டோம், ஆனால் நல்ல மனுஷனைக் காப்பாற்றிவிட்டோம் என்று வீரணன் தன்னையே தேற்றிக்கொண்டான். அதற்கப்புறம் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. போனால் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆவணிக் கடைசியில் தேவஇரக்கத்தின் மனைவி அன்னாள் போன் செய்தாள். "தம்பி, வத்திராயிருப்புக்காரர் ஒருத்தர் வண்டிய விலைக்குக் கேட்டு நடையா நடந்தாரு. உங்க அண்ணாச்சி முடியாதுன்னுட்டாரு. ஸ்டியரிங் நிக்காத வண்டிய இன்னொருத்தன் தலையில கட்டுனா அது கொலை பண்ணுன பாவம்ங்காரு. இன்னைக்குப் பழைய இரும்புக்காரன் வாரான், வெட்டி அள்ளிட்டுப் போக. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. வண்டிய நெனச்சு மனுசன் சாப்பிடவே இல்ல."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வீரணன் பைக்கை எடுத்தான்.

அவன் போனபோது இரும்புக்காரர்கள் வண்டியை வெட்டுவதற்கான கேஸ் சிலிண்டரை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். தேவஇரக்கம் பனியனோடு வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். கை முன்பைவிட அதிகமாக ஆடியது. கழுத்துகூட லேசாக இறுகிப்போய்த் தெரிந்தது.

"நிப்பாட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. வண்டியில ஒரு கோளாறும் இல்ல."

"என்னலே சொல்லுத? பெட்டி போச்சுன்னு நீதான சொன்ன?"

"பொய் சொன்னேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். "நீ பொய் சொல்லுவியாக்கும்? கோளாறு இல்லன்னா பொறவு ஏன்லே சாலு கோணுச்சு?"

வீரணன் அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். உள்ளேயும் அது நடுங்கியது. "இதுதான் அண்ணாச்சி. அன்னைக்கே பாத்துட்டேன். சொல்ல வாய் வரல."

தேவஇரக்கம் கையை உருவிக்கொள்ளவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இரும்புக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வேனில் சாய்ந்தார்கள்.

"ஸ்டியரிங் ஆட்டம்தான் கையில ஏறிருச்சுன்னு இருந்தேன்லே," என்றார் மெதுவாக. "வண்டிய நிப்பாட்டுனா தன்னால இறங்கிரும்னு தெனமும் எந்திரிச்சுக் கையப் பாப்பேன். இவ ஆஸ்பத்திரிக்குப் போவம், போவம்னு அழுதா. வீரணனே சொல்லிட்டான், கோளாறு வண்டியிலதான்னு சொல்லி இவ வாய அடைச்சேன். ரெண்டு மாசம்லே."

வாசலில் நின்ற அன்னாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் மூஞ்சிக்கு நேரே சொல்லுவியே. எனக்கு மட்டும் ஏன்லே இப்பிடிப் பண்ணுன?"

வீரணனுக்குப் பாசத்தால் செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அது பாசமில்லை, பயம் என்று அவனுக்கு இப்போது தெரிந்தது. நின்ற இடத்திலேயே அழுதான்.

தேவஇரக்கம் இரும்புக்காரர்களைப் போகச் சொன்னார். "அன்னா, சட்டைய எடு. நரம்பு டாக்டர்ட்டப் போவம். இவன் பைக்குலயே போயிருதேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு பித்தானைப் பிடித்தார். பிடிபடவில்லை. இரண்டாம் முறை காஜாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது விரல் துள்ளிவிட்டது. அன்னாள் ஓடிவந்தாள். அவளைக் கையமர்த்திவிட்டு, அவர் வீரணனுக்கு நேராக நெஞ்சைக் காட்டி நின்றார்.

"நீ போடுலே."

வீரணன் கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் பித்தான்களைப் போட்டான். கண்ணீர் மறைத்ததில் ஒன்று காஜா மாறி விழுந்தது. எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, கீழேயிருந்து மறுபடி ஆரம்பித்தான். அதுவரை அவர் அசையாமல் நின்றார். கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.