மூடியும் மூன்றாம் தரமும்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் என் அலமாரியில் இருக்கும் கண்ணாடிக் கோப்பைகள் மெல்ல ஒலிக்கும். திருவொற்றியூரில் எங்கள் வீடு அந்தச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. ஆனாலும் அதிர்வு வந்து சேர்ந்துவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் அடியில் ரப்பர் ஷீட் வெட்டி வைத்திருக்கிறேன். நான் வேலை செய்யும் பட்டறையில் குழாய் இணைப்புகளுக்கு நடுவே வைக்கும் கேஸ்கட் ரப்பரின் மிச்சத் துண்டுகள், கேட்டு வாங்கியவை. ரப்பர் வைத்த பிறகும் இரண்டு செக் நாட்டு ஒயின் கோப்பைகள் மட்டும் அடங்கவில்லை. அவற்றை இன்னும் ஒரு விரல் அளவு தள்ளி வைத்தேன்.

மொத்தம் நாற்பத்து மூன்று பொருட்கள். எல்லாம் ராயபுரம் ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு பழைய கிடங்கில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஏலத்தில் எடுத்தவை. மூடப்பட்ட கிளப்புகள், கப்பல் கம்பெனி விருந்தினர் விடுதிகள், இடிக்கப்போகும் பங்களாக்கள் ஆகியவற்றின் சாமான்கள் அங்கே வரும். ஜெர்மன் பீங்கான் தட்டு, இங்கிலாந்துத் தேநீர்ச் சாடி, பெல்ஜியம் கண்ணாடிக் கிண்ணம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் பதிந்திருக்கிறேன். வரிசை எண், நாடு, அளவு, முத்திரை, குறை, நிலை என்று ஆறு பத்திகள். பட்டறையில் நான் நிரப்பும் ஆய்வுப் படிவமும் ஏறக்குறைய இதுதான்.

என் வேலை வெல்டிங்கில் விரிசல் தேடுவது. கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட, ஒரு திரவத்தைத் தெளித்துப் புற ஊதா டார்ச் அடித்தால் பச்சைக் கோடாக ஒளிரும். அதே டார்ச்சைப் பீங்கான்மேல் அடித்தால், ஒட்டிய இடத்தில் பழைய பசை வெளிறி மின்னும். ஏலத்துக்கு முன் பொருட்களைப் பார்க்க விடும் பார்வை நாளான சனிக்கிழமை நான் அந்த டார்ச்சோடுதான் போவேன். கிடங்கில் என் பெயர் யாருக்கும் தெரியாது. 'டார்ச்சு' என்றால் எல்லோருக்கும் தெரியும்.

நோட்டின் முதல் வரிசையில் இருப்பது ஹாலந்து நாட்டு சூப் பாத்திரம். இரண்டு பக்கமும் காது வைத்த பெரிய பாத்திரம், வெள்ளைமேல் பழுப்புப் படம். ஓர் ஆறு, கரையில் மரங்கள், நடுவில் பாய்மரப் படகு. பாய்மரம் மேலே ஏறி விளிம்பில் பாதியில் அறுபட்டு நிற்கும். மீதி மூடியில் இருந்திருக்க வேண்டும். மூடி இல்லை. அதனால்தான் யாரும் கேட்காமல் எனக்குக் கிடைத்தது. அன்று எனக்குப் பின்னால் நின்றவர் சத்தமாகச் சிரித்தார். பழைய சாமான்களை வாங்கிக் கடற்கரைச் சாலை ஹோட்டல்களுக்கு அலங்காரத்துக்குக் கொடுப்பவர் அவர். கிடங்கில் அவருக்கு 'ஹோட்டல்காரர்' என்றுதான் பெயர். "மூடி இல்லாத சட்டியை வச்சு என்ன செய்வ? மூடி கெடைச்சா வா, நானே எடுத்துக்கிடுதேன்" என்றார்.

மூன்று வருடம் தேடினேன். கிடைக்கவில்லை. அது எனக்கு ஒரு அரிப்பு, அவ்வளவுதான். அம்மாவுக்கு அப்படி இல்லை.

அப்பா விசைப்படகில் போகிறவர். அம்மா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்பவள். முதல் நாளே அம்மா அந்தப் பாத்திரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். மரம் முறிந்த படகை வீட்டில் வைக்கக் கூடாதாம். போன வருடம் அப்பா போன படகின் என்ஜின் நின்று, இரண்டு நாள் தகவல் இல்லாமல் கடலில் மிதந்தார்கள். அதன் பிறகு அம்மா அந்தப் பாத்திரத்தைத் துடைப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடியும் நேரம் வந்தது. வலைகளைச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். அம்மா என்னிடம் நேராகவே சொன்னாள்.

"அப்பா போட்ல ஏறச்சொல்ல அது இங்க இருக்கக் கூடாது. மூடிய கொண்டாந்து வெய்யி, இல்ல பாத்திரத்த வெளிய அனுப்பு. அவ்ளோதான்."

நான் இதை நம்புகிறவள் இல்லை. என்ஜின் நின்றதற்குக் காரணம் எரிபொருள் வடிகட்டி. அதை அப்பாவே சொன்னார். ஆனால் அந்த இரண்டு நாளும் அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

தடை முடிய நான்கு நாள் இருந்தபோது, சனிக்கிழமை பார்வையில் அறுபத்து மூன்றாம் எண் பெட்டியில் அந்த மூடியைப் பார்த்தேன். 'பலவகை' என்று ஒட்டிய மரப்பெட்டி. உள்ளே பித்தளைக் கழுத்துப் பட்டி போட்ட ஒரு கண்ணாடிக் குடுவை, சோடி இல்லாத தட்டுகள், அவற்றுக்கு நடுவே கவிழ்ந்து கிடந்த மூடி. பழுப்பு நிறம் ஓரத்தில் தெரிந்தது. நான் குனிந்தேன், உடனே நிமிர்ந்தேன்.

ஹோட்டல்காரர் நான்கு மேசை தள்ளி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தானாக எதையும் சோதிக்க மாட்டார். நான் எந்தப் பொருள்மேல் அதிக நேரம் டார்ச் அடிக்கிறேனோ அதை மறுநாள் கேட்பார். என் கவனமே அவருக்குத் துப்பு. அதனால் நான் அந்தப் பெட்டியைக் கடந்து போய், வேண்டாத ஒரு பூச்சாடியைக் கால் மணி நேரம் ஆராய்ந்தேன். சோதிக்காமல் ஒன்றை எடுக்க முடிவு செய்தது அதுதான் முதல் தடவை.

வீட்டில் சொன்னதும் அம்மா தானும் வருவதாகச் சொன்னாள். தடைக்காலத்தில் அவளுக்கு வியாபாரம் குறைவு. நான் எப்படிக் கேட்பேன் என்று விசாரித்தாள். ஆரம்பத்திலிருந்தே கேட்பேன் என்றதும் தலையில் அடித்துக்கொண்டாள். துறைமுகத்தில் ஏலக்காரர் ஒரு தரம், ரெண்டு தரம் என்று மளமளவென்று சொல்லிவிட்டு, 'மூணு' என்பதை மட்டும் ஒரு மூச்சுக்கு இழுப்பார். வேண்டியவர்கள் அந்த இழுப்பில்தான் வாயைத் திறப்பார்கள். முன்பே திறந்தால் ஆசை தெரிந்துவிடும். ராயபுரத்து ஏலக்காரரும் வயதானவர், அவரும் இழுப்பவர்தான். அம்மா சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது.

ஞாயிறு காலை கிடங்கில் அம்மா என் பக்கத்தில் மடியில் வயர்கூடையோடு உட்கார்ந்தாள். ஒவ்வொரு பொருளுக்கும் முகம் சுளித்தாள். ஒரு வெள்ளைப் பீங்கான் நாயைத் தூக்கிக் காட்டியபோது, "சோறு கண்டு பத்து நாளாச்சு போல கீது" என்றாள். முன்வரிசை சிரித்தது. ஹோட்டல்காரரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஐம்பத்தெட்டாவது எண்ணில் கரண்ட் போனது. தகரக் கூரை. விசிறிகள் நின்றதும் ஐந்து நிமிடத்தில் உள்ளே நிற்க முடியவில்லை. வயதான ஏலக்காரர் அறுபதாவது எண்ணோடு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய உதவியாளர் சுத்தியலை வாங்கிக்கொண்டார். அறுபத்தொன்றுக்கும் அறுபத்திரண்டுக்கும் கேட்பாரில்லை, ஒதுக்கி வைத்தார்கள். அதனால் அவர் மூன்றாம் தரத்தை எப்படிச் சொல்வார் என்று கேட்கும் வாய்ப்பு எனக்கு வரவில்லை.

அறுபத்து மூன்று வந்தது. ஹோட்டல்காரர் குடுவையைப் பார்த்து, சோம்பலாக விரலைத் தூக்கினார். வேறு யாரும் கேட்கவில்லை. நான் அசையாமல் இருந்தேன். அம்மாவின் கை என் முழங்காலை அழுத்தியது. இரு, இன்னும் இல்லை.

"ஒரு தரம். ரெண்டு தரம்."

மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன். 'மூணு' என்ற சொல்லும் சுத்தியலும் சேர்ந்தே விழுந்தன. இழுப்பு இல்லை. என் வாய் திறந்தபடியே இருந்தது. உதவியாளர் அறுபத்து நான்கைத் தூக்கிவிட்டார்.

பட்டறையில் என் அட்டையில் 'தரக் கட்டுப்பாடு' என்று போட்டிருக்கும். தரம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த ஒரு தரத்தைத் தவறவிட்டேன். அம்மா முன்னால் பார்த்தபடி, உதடு அசையாமல் சொன்னாள். "இன்னா மனுசன் இவன். மீன் கெட்டுப்போற மாரி அவசரம்."

ஏலம் முடிந்ததும் ஹோட்டல்காரர் பெட்டியைத் தரையில் வைத்துக் குடுவையை மட்டும் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் கேட்டால் அவருக்குப் புரிந்துவிடும். புரிந்தால் மூடி அவரிடமே இருக்கும், பாத்திரம் என்னிடம் இருக்கும். தடை முடிய மூன்றே நாள். அம்மா எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரிடம் நடந்தாள். நான் பின்னால் நின்றேன்.

"இன்னா நைனா, மொத்தமா அள்ளிகினு போற. எதுனா கொசுறு குடு."

"கொசுறா? இது என்ன மீன் கடையாக்கா?"

"ஏலம்னா ஏலந்தான. கூடை எடுத்தா கொசுறு போடணும். அந்த மூடிய குடு. ஊறுகா ஜாடிக்கு மூடி ஒட்ஞ்சு போச்சு."

அவர் சிரித்துக்கொண்டே மூடியை எடுத்தார். கொடுக்கப் போனவர் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் பாய்மரத்தின் நுனி, ஒரு விரல் நீளம். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் முகத்தை அசைக்கவில்லை. அசைக்காததே பதிலாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

"ஊறுகாய்க்கா" என்றார். மூடியை அம்மா கையில் கொடுத்தார். என்னிடம், "சேருதான்னு பாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்லு. சேந்துச்சுன்னா ரெண்டுத்துக்கும் நானே நல்ல வெல சொல்லுதேன்" என்றார்.

வீட்டில் அம்மாவே மூடியை வைத்தாள். ஒரு திசையில் மட்டும்தான் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் பாய்மரம் முழுசானது. அம்மா பாத்திரத்தைச் சுவரிலிருந்து அறைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். அவள் ஒரு பாட்டின் முதல் வரியை முணுமுணுப்பது கேட்டது. அந்தத் தடைக்காலம் முழுக்க நான் அதைக் கேட்கவில்லை.

நான் கதவைச் சாத்திக்கொண்டு டார்ச்சை எடுத்தேன். அதை எடுத்திருக்க வேண்டாம். ஆனால் நோட்டில் 'குறை' என்ற பத்தியில் இன்னும் 'மூடி இல்லை' என்றே இருந்தது. ஒளியில் மூடி கருநீலமாகத் தெரிந்தது. அதன் குறுக்கே வெளிறிய கோடு ஒன்று மின்னியது. விளிம்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர். சுத்தமான ஒட்டு, நல்ல கை. கோடு நேராகப் பாய்மரத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அந்த மரம் முன்பே ஒரு தடவை முறிந்தது.

டார்ச்சை அணைத்தேன். நோட்டை மூடினேன்.

புதன்கிழமை விடியலில் அப்பா போனார். ஒன்பது, பத்து நாளாகும் என்றார். கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே போன் சிக்னல் போய்விடும்.

அடுத்த ஞாயிறு நான் தனியாகப் போக நினைத்தேன். அம்மா வயர்கூடையோடு வாசலில் நின்றாள். ராயபுரம் போகிற பஸ் முழுக்க நான் இரண்டு பதில்களை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு லாபம்தான். ஒட்டிய பொருளை அவர் தொட மாட்டார், என்னை விட்டுவிடுவார். ஆனால் அதை அம்மா இல்லாத இடத்தில் சொல்ல வேண்டும்.

அவர் நுழைவாயிலிலேயே நின்றிருந்தார். அம்மா என்னை உரசியபடி நின்றாள்.

"சேந்துச்சா?"

"சேந்துச்சு."

"டார்ச்சு அடிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன தெரிஞ்சுது?"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. வயர்கூடையின் பிடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் ஒரு அறிக்கைகூடப் பொய்யாக எழுதியதில்லை. ஒரு முறை மேலாளர் கேட்டும் எழுதவில்லை.

"ஒண்ணும் இல்ல" என்றேன். "சுத்தமா இருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. அப்படியானால் அது அபூர்வம் என்றார், ஒரு ஹோட்டலில் கேட்கிறார்கள் என்றார். விற்பதாக இல்லை என்றேன். எவ்வளவு கொடுத்தாலுமா என்றார். ஆமாம் என்றேன். தலையசைத்து உள்ளே போனார். அன்று நான் விரல் தூக்கிய நான்கு எண்களையும் அவர் விடவில்லை. கடைசியில் ஒரு விரிசல் விட்ட பால் குவளைக்குக்கூட எனக்கு எதிராகக் கேட்டு எடுத்தார். அதன்பின் வந்த ஞாயிறுகளிலும் அப்படித்தான். என் நோட்டு நாற்பத்து மூன்றிலேயே நிற்கிறது.

அன்று பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தண்டையார்பேட்டை தாண்டியதும் கேட்டாள். "நெசமாவே ஒண்ணுமில்லதான?"

"இல்லம்மா."

அப்பாவின் படகு பதினோராம் நாள் வந்தது. காலையில் போன் அடித்ததும் அம்மா துறைமுகத்துக்கு ஓடினாள். நான் அலமாரியின் முன் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, முதல் வரிசையில் 'மூடி இல்லை' என்பதை அடித்துவிட்டு எழுதினேன்: 'மூடியில் ஒட்டு ஒன்று. பாய்மரத்தில். தாங்குகிறது.' சாலையில் லாரி போனது. ஒயின் கோப்பைகள் ஒலித்தன. மூடியைக் கையால் பிடித்துக்கொண்டேன்.