தகரத் தவளையும் என் வெறுங்கையும்

1. சீசர் வந்த நாள்

எண்பதுகளில் காரிமங்கலத்துக்கு அப்பால் ஒரு கருங்கல் குவாரியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். வெடிமருந்து வைக்கும் மேகசினுக்குக் காவலாக, முதலாளி பெங்களூரிலிருந்து ஓர் அல்சேஷன் நாயை லாரியில் கொண்டுவந்தார். பெயர் சீசர். இறக்கும்போது அது குரைக்கவில்லை. கிளீனர் கையிலிருந்த கம்பைப் பார்த்ததும் உடம்பைத் தாழ்த்திப் பல்லை மட்டும் காட்டியது. எனக்குச் சிறு வயதிலிருந்தே நாய் என்றால் நடுக்கம். அதை யாரிடமும் சொன்னதில்லை.

"இதுக்கு இங்கிலீஷ்தான் புரியுமாம். இங்க பி.ஏ. படிச்சவன் நீ ஒருத்தன்தான். நீயே பழக்கு" என்றார் முதலாளி.

வாட்ச்மேன் ஆரோக்கியசாமி சிரித்தார். "நல்லதாப் போச்சுங்க சார். நான் பேசுனா அது எனக்கு மெமோ குடுத்துடும்."

2. டிக்

அப்போது கல் பார்க்க வந்திருந்த வெளிநாட்டு வியாபாரி ஒருவர், தம் ஊரில் நாய் பழக்குகிறவர். முதலில் கம்பைத் தூரப் போடச் சொன்னார். சந்தையில் குழந்தைகளுக்கு விற்கும் தகரத் தவளையை வாங்கிவரச் சொன்னார். அதன் வயிற்றை அமுக்கினால் 'டிக்' என்று கேட்கும். நாய் சரியாகச் செய்கிற அந்த நொடியில் ஒரு டிக். உடனே ஒரு துண்டு வேகவைத்த ஈரல். முறை அவ்வளவுதான்.

"சத்தம் கொடுத்துவிட்டால் தீனி கொடுத்தே ஆக வேண்டும். கை தவறி அமுக்கிவிட்டாலும் கொடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடிபட்டே வளர்ந்த அந்த நாய் சில வாரங்களில் உட்காரவும் கூப்பிட்டால் வரவும் பழகியது. முதலாளிக்கு அது போதவில்லை. "உக்காந்து காட்டவா வாங்குனேன்? புடிக்கச் சொல்லிக் குடு." ஒரு கழியில் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டுக் கவ்வப் பழக்கினேன். டிக் கேட்டால் சாக்கை விட்டுவிட்டு ஈரலுக்கு ஓடிவரும். நிறுத்துவதற்கு வேறு எதையும் நான் கற்றுக்கொடுக்கவில்லை.

3. வெறுங்கை

ஈரலை என் கையிலிருந்து கொடுத்ததே இல்லை. அந்தப் பல் விரலுக்குப் பக்கத்தில் வருவதை என்னால் தாங்க முடியாது. தரையில் வீசிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளியின் நண்பர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவர்கள் முன்னால் வீசினால் என் பயம் தெரிந்துவிடும். அதனால் டிக் கொடுத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "குட், சீசர்" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அவர்கள் கைதட்டினார்கள்.

"சார், அது உங்க கையவே பாத்துகிட்டு நிக்குது" என்றார் ஆரோக்கியசாமி.

"எல்லாம் பழகிடும் ஆரோக்கியம்."

டிக் கேட்டு அது வருவது மெல்ல மெல்லத் தாமதமாயிற்று. கவனித்தேன். விட்டுவிட்டேன்.

4. மழை

ஐப்பசி மாதம், காலை நேரம். நல்ல தூறல். ஆரோக்கியசாமி எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வது போலக் கோணிச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, கையில் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு மேகசின் பக்கம் வந்தார். சீசரைக் கட்டிப்போட்டிருக்கவில்லை. அதற்குத் தெரிந்தது சாக்கு மட்டும்தான். பாய்ந்து சாக்கோடு சேர்த்து அவர் முழங்கையைக் கவ்வியது.

தவளையை அமுக்கினேன். விடவில்லை. மறுபடி, மறுபடி. கடித்தபடியே அதன் கண் என் கைப்பக்கம் திரும்பியது. கையில் ஒன்றுமில்லை. மீண்டும் அவரிடமே திரும்பிக்கொண்டது.

"சார், கிட்ட வாங்க சார். கழுத்துப் பட்டயப் புடிங்க."

என் கால் நகரவில்லை. அவர் மறு கையால் தூக்குப்போசியின் மூடியைத் தட்டிவிட்டுக் களியைத் தரையில் கொட்டினார். சீசர் உடனே அவரை விட்டுவிட்டுக் களியைத் தின்றது. தின்று முடித்து, வாலைத் தாழ்த்தி ஆட்டியது.

சத்தம் கேட்டு முதலாளி ஜீப்பில் வந்தார். "என்னய்யா ஆச்சு?"

"வெறி பிடிச்சிருக்கும்போல இருக்குங்க" என்றேன். வாயில் முதலில் வந்தது அதுதான். அவர் துப்பாக்கியை எடுத்தார். வெடிச் சத்தம் கேட்டபோது நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

5. தண்ணீர்

"நாயக் கட்டிவெச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். இப்ப ஊசிய விட்டா வழியில்ல" என்றார் டாக்டர். அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றி ஊசி. ஆரோக்கியசாமி தினமும் பஸ்ஸில் போய்ப் போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி திரும்புவார்.

"களியத் தின்னுச்சே சார். வெறி நாய் அப்படித் திங்குமா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

"சொல்ல முடியாது ஆரோக்கியம்" என்றேன்.

ஊசிகள் முடிந்த பிறகும் அவருக்குப் பயம் போகவில்லை. வெறி ஏறினால் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்பார்கள். மாதக் கணக்கில் தினமும் காலையில் ஸ்டோருக்கு வருவார். பானையிலிருந்து ஒரு டம்ளர் மொள்ளுவார். சிறிது நேரம் அதையே பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். "எறங்குது சார். இன்னிக்கும் தப்பிச்சேன்" என்று சிரிப்பார். நானும் கூடச் சிரிப்பேன்.

நாய் பழக்கும் இளைஞர்கள் இப்போது இதே டிக் சத்தத்துக்குப் பிளாஸ்டிக் கிளிக்கர் வைத்திருக்கிறார்கள். கையில் தீனி இல்லையென்றால் அதை அமுக்காதீர்கள். நாயிடம் பயமிருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்: சீசருக்கு வெறி இல்லை, நான்தான் அதை ஏமாற்றினேன். அதைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் கண்ணைத் திறந்துகொண்டு தண்ணீர் குடித்திருப்பார்.