தொழுகை அறையின் ஓவியம்

கண்காட்சியில் அந்த ஓவியத்தை என் கணவர் வாங்கியதற்கு ஒரே காரணம், அதில் உருவம் இல்லை என்பதுதான். "தொழுற ரூமுல உருவப்படம் ஆகாது. இதுல ஆளுமில்ல, மிருகமுமில்ல, தாராளமா மாட்டலாம்" என்றார். பழுப்பும் பச்சையும் அப்பிக் கிடந்தன; மேலே வளைந்த ஒரு மஞ்சள் கோடு. எனக்குக் கறையை விலைக்கு வாங்கி வந்த மாதிரி இருந்தது.

அவர் மௌத்தான பிறகு, விதவை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய இத்தா மாதங்களை அந்த அறையில்தான் கழித்தேன். வெளியே போகக் கூடாது. போகத் தோன்றவும் இல்லை. அழுகையும் வரவில்லை. சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு பின்னேரம் அந்தப் பழுப்பு ஒரு முதுகாகத் தெரிந்தது. மஞ்சள் கோடு வளைந்த இடத்தில், மிளகு மூட்டை தூக்கிச் சாய்ந்துபோன அவருடைய இடது தோள். அதன்பின் அது வெறும் வண்ணமாகத் தெரியவே இல்லை.

தேத்தண்ணி கொண்டுவந்த தங்கச்சியும் ஓவியத்தைப் பார்த்து நின்றாள்.

"நாவுல ஊர்ப் பக்கத்து வயல் மாதிரி இருக்கு. உங்களுக்கு என்ன தெரியுது ராத்தா?"

"ஒண்ணும் தெரியல" என்றேன்.

உள்ளதைச் சொன்னால் உடனே கழற்றிவிடுவாள்.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் தொழுகைப் பாயை எடுத்துப் போய் அடுத்த அறையில் விரித்தேன்.