பாவை விரிந்தபோது

மயக்கத்தில் ஆழ்ந்தவர் வலிக்கிறதென்று சொல்ல மாட்டார். அவருடைய கண்ணின் பாவை சொல்லும். கருவிழியின் நடுவே ஒளி நுழையும் அச்சிறு துளை, கத்தி பட்டதும் அகலும். வலியடக்கும் மருந்து போதிய அளவு சென்றால் சுருங்கும். தஞ்சாவூரில் மயக்கவியல் மருத்துவராகப் பணியாற்றிய காலமெல்லாம், அறுவையின்போது நோயாளியின் இமையை உயர்த்திப் பார்ப்பது என் வழக்கம்.

எங்கள் தலைமை அறுவை மருத்துவருக்கு அது வேடிக்கை. குத்தாலத்திலிருந்து வந்த நடவுக்காரப் பெண் ஒருத்திக்குக் குடல் அறுவை நடந்தது. அவள் பாவை விரிந்ததைக் கண்டு, நான் மருந்து செலுத்தும்வரை கத்தியை நிறுத்துமாறு வேண்டினேன். அவர் நிறுத்தவில்லை.

“என்ன மேடம், கண்ணுக்குள்ள சினிமா ஓடுதா? பல்ஸ் ஏறவே இல்ல. மானிட்டரைப் பாருங்க!”

நாடி ஏறாமைக்குக் காரணம், அவள் நாள்தோறும் உட்கொண்ட இரத்த அழுத்த மாத்திரை. அதைச் சொன்னேன். செவிலியர் சிரிப்பில் என் சொல் அமிழ்ந்தது. அவரோ உதவியாளரிடம், “கடைமடைக்குத் தண்ணி வந்துடுச்சாய்யா?” என்று கேட்டபடி அறுத்துக்கொண்டே போனார். கண்விழித்தவள் அன்று முழுதும் அனத்தினாள். அவ்வொலியை நான் மறக்கவில்லை, மறக்க விரும்பவுமில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், பாவையின் அகலத்தை அளந்து கோடாக வரையும் கைக்கருவி எங்களுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு, பித்தப்பைக் கல்லோடு அவரே நோயாளியாக வந்தார்.

“நீங்களே மயக்கம் குடுங்க மேடம். வேற யாரையும் நம்ப முடியல.”

இசைந்தேன்.

இளைய மருத்துவர் கத்தி வைத்ததும் அவர் பாவை விரிந்தது. மருந்து நிறைந்த ஊசி என் கையில் ஆயத்தமாக இருந்தது. அழுத்தவில்லை. கோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூச்சுக்கருவி அவருக்கு நான்கு மூச்சுகள் தந்தது. அதன் பிறகே செலுத்தினேன்.

மறுநாள், கோடு பதிந்த தாளை அவரிடம் நீட்டினேன். அவருக்கு அதைப் படிக்கத் தெரியும்.

“ஏறின உடனேயே மருந்து போயிருக்கணுமே. ஊசி ரெடியா இல்லையா?”

“இருந்துச்சு சார்.”

“அப்புறம்?”

“பார்த்துக்கிட்டு நின்னேன்.”

அவர் தாளை நான்காக மடித்துத் தலையணையின் கீழ் வைத்தார். முறையீடு செய்வார் என்று எதிர்பார்த்து, மறுமொழிக் கடிதம் ஒன்றை எழுதி வைத்திருந்தேன். அவர் செய்யவில்லை. ‘வருந்துகிறேன்’ என்னும் சொல் அக்கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை.